கோமாளி மீன்களை இனங்காணலில் வாழிடத்தின் பங்கு: செபே, கிளார்க் சிற்றினங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வெப்பமண்டலப் பவளப்பாறைப் பகுதிகளில் வாழும் மீன்களை நிறத்தையும் பட்டைகளையும் மட்டுமே கொண்டு இனங்காணும் வழக்கம் பரவலாக உள்ளது. வட இந்தியப் பெருங்கடலில் வாழும் செபே கோமாளி மீனும் கிளார்க் கோமாளி மீனும் இவ்வழக்கத்தால் ஒன்றுக்கொன்று மாற்றிப் பெயரிடப்படுகின்றன. இவ்விரு சிற்றினங்களின் உருவ அடையாளங்கள், அவை சார்ந்து வாழும் கடற்சாமந்திகள், அவற்றின் வாழிடம் ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது. வாழிடத்தைப் பதிவு செய்வது இனங்காணலுக்குப் பிறகு எழுதப்படும் குறிப்பன்று. அது இனங்காணலின் ஒரு கூறு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கோமாளி மீன், கடற்சாமந்தி, ஓம்புயிரி, வாழிடம், இனங்காணல், மன்னார் வளைகுடா.

முன்னுரை

ஒரு மீனின் படத்தைக் காட்டி அதன் பெயரைக் கேட்டால், படத்தில் தெரியும் நிறத்தைப் பட்டியலில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டு விடை கூறுவதே இயல்பாக நிகழ்கிறது. நன்னீர் மீன்கள் பலவற்றிற்கு இம்முறை ஓரளவு பயன்படலாம். பவளப்பாறைப் பகுதி மீன்களுக்கு இது எளிதில் பிழையை உண்டாக்கும். இவற்றுள் பல, வயதுக்கும் பாலுக்கும் இடத்துக்கும் ஏற்ப நிறம் வேறுபடுபவை. கிளிமீன்களில் ஒரே சிற்றினத்தின் இளம்பருவ நிறத்தையும் முதிர்ந்த ஆணின் நிறத்தையும் கண்டு, அவற்றுக்கு இரு வேறு அறிவியற்பெயர்கள் சூட்டிய வரலாறும் உண்டு.

கோமாளி மீன்களில் இச்சிக்கல் வேறொரு வடிவில் தோன்றுகிறது. கருமை படர்ந்த உடலில் வெண்பட்டைகள், மஞ்சள் வால் என்னும் இவ்விரண்டு குறிப்புகளும் செபே கோமாளி மீனுக்கும் பொருந்தும். கிளார்க் கோமாளி மீனுக்கும் பொருந்தும். ஆனால் இவ்விரண்டின் வாழ்க்கையும் பெரிதும் வேறுபட்டது. ஒன்று மிகக் குறுகிய வாழிடத்தைச் சார்ந்தது. மற்றொன்று ஏறத்தாழ எல்லாச் சூழல்களிலும் வாழக்கூடியது. பெயர் மாறினால் அம்மீனுக்கு எது தேவை என்னும் முடிவும் மாறிவிடும். இக்காரணத்தால் இவ்விரு சிற்றினங்களும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

குடும்பமும் பேரினமும்

கோமாளி மீன்கள் பொமாசென்ட்ரிடே குடும்பத்தைச் சார்ந்தவை. அவற்றின் பேரினம் ஆம்பிபிரியான். ஏறத்தாழ 30 சிற்றினங்களைக் கொண்ட இப்பேரினம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் மட்டுமே காணப்படுகிறது. இவை அனைத்தும் இயற்கையில் கடற்சாமந்திகளோடு கூட்டுயிர் வாழ்வு நடத்துகின்றன. கடல் அனிமோன் என்றும் வழங்கப்படும் கடற்சாமந்தி, பவள உயிரிகளுக்கு உறவான விலங்கு. அதன் உணர்நீட்சிகளில் கொட்டும் செல்கள் உள்ளன. கோமாளி மீனின் உடலைப் போர்த்தியுள்ள கோழை, அச்செல்களின் தாக்குதலிலிருந்து அதனைக் காக்கிறது. மீனுக்குப் புகலிடம் அளிக்கும் கடற்சாமந்தியை இக்கட்டுரை ‘ஓம்புயிரி’ எனக் குறிக்கிறது.

கிளார்க் கோமாளி மீன், அதாவது ஆம்பிபிரியான் கிளார்க்கி, 1830ஆம் ஆண்டு பென்னட் என்பவரால் இலங்கைக் கடற்கரை மீன்களைப் பற்றிய நூலில் விவரிக்கப்பட்டது. செபே கோமாளி மீன், அதாவது ஆம்பிபிரியான் செபே, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய மருத்துவரும் மீனியல் அறிஞருமான பீட்டர் பிளீக்கரால் 1853இல் விவரிக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரில் மருந்தகம் நடத்தி உயிரியற் பொருள்களைச் சேகரித்த ஆல்பர்ட்டஸ் செபாவின் பெயரை இச்சிற்றினம் தாங்கியுள்ளது.

பரவலிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கிளார்க் கோமாளி மீன் பாரசீக வளைகுடா முதல் தென் ஜப்பான், மெலனேசியா வரை பரவியுள்ளது. ஆம்பிபிரியான் பேரினத்தில் மிக விரிந்த பரவல் கொண்ட சிற்றினம் இதுவே. செபே கோமாளி மீன் வட இந்தியப் பெருங்கடலுக்கு உரியது. அரேபியத் தீபகற்பம், மாலத்தீவு, இந்தியா, இலங்கை, அந்தமான், சுமத்ரா, ஜாவா ஆகியவை அதன் எல்லைக்குள் அடங்கும். எனவே பசிபிக் பகுதியில் எடுக்கப்பட்ட படத்துக்குச் செபே என்னும் பெயர் பொருந்தாது. ஆனால் இலங்கைக் கடலிலோ அந்தமான் கடலிலோ எடுக்கப்பட்ட படத்துக்கு இரு பெயர்களும் பொருந்தக்கூடும். அங்கு, பரவலைக் கொண்டு முடிவு காண இயலாது.

உருவ அடையாளங்கள்

மீன் வகைப்பாட்டில் துடுப்பு முள்களையும் கதிர்களையும் எண்ணுவது முதன்மையான முறை. முதுகுத்துடுப்பில் எத்தனை முள்கள், எத்தனை மென்கதிர்கள் என்னும் எண்ணிக்கை பல சிற்றினங்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். இவ்விரு கோமாளி மீன்களிலோ அவ்வெண்ணிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வருகின்றன. ஆகவே எண்ணிக்கை பேரினத்தை உறுதிப்படுத்துமேயன்றிச் சிற்றினத்தைப் பிரித்துக் காட்டாது. பட்டைகளின் அமைப்பையே அடுத்து நோக்க வேண்டியுள்ளது.

கிளார்க் கோமாளி மீனில் மூன்று வெண்பட்டைகள் உள்ளன. முதலாவது கண்ணுக்குப் பின்னே தலையில் அமைகிறது. இரண்டாவது உடலின் நடுவில் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. மூன்றாவது வாலின் அடிப்பகுதியில் அமைகிறது. வால்துடுப்பு வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருந்து, உடலின் கருமையிலிருந்து திடீரெனப் பிரிந்து தெரிகிறது. வால் வெண்மையாக உள்ள மீன்களில் மூன்றாம் பட்டையும் வாலும் ஒன்றெனத் தோன்றுவதால், பட்டைகள் இரண்டே எனக் கருதிவிட வாய்ப்புண்டு.

செபே கோமாளி மீனில் பட்டைகள் இரண்டு. தலைப்பட்டையை விட நடுப்பட்டையே இங்கு முதன்மையான அடையாளம். அது செங்குத்தாக நில்லாமல் மேலே செல்லச் செல்லச் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்து, முதுகுத்துடுப்பின் பின்பகுதி வரை ஏறுகிறது. வால்துடுப்பு மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறமுடையது. அதன் அடியில் வெண்பட்டை இல்லை. ஆகவே பட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் நோக்காமல், நடுப்பட்டையின் சாய்வு, அது முதுகுத்துடுப்பில் முடியும் இடம், வாலடியில் பட்டை உண்டா இல்லையா என்னும் மூன்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

செபே மீனை ஒத்த மற்றொரு சிற்றினம் ஆம்பிபிரியான் பாலிம்னஸ். சேணம் போன்ற நடுப்பட்டையை உடைய இது மேற்குப் பசிபிக் பகுதிக்கு உரியது. இதன் வால்துடுப்பில் கருமை உண்டு, விளிம்பு வெளிறியிருக்கும். இந்தோனேசியத் தீவுப் பகுதியில் பணியாற்றுவோர் இம்மூன்றாவது சிற்றினத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

நிறத்தின் போதாமை

மேற்கூறிய அடையாளங்கள் தெளிவானவையாகத் தோன்றினும், உடலின் நிறத்தை அவற்றோடு சேர்த்து அளவுகோலாகக் கொள்வதில் மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, ஓம்புயிரியால் ஏற்படும் மாற்றம். கிளார்க் கோமாளி மீன் பல வகைக் கடற்சாமந்திகளில் வாழ்வது. அவற்றுள் ஸ்டைகோடாக்டைலா மெர்டென்சி என்னும் சாமந்தியில் வாழும் மீன்கள், மூக்கும் பட்டைகளும் வாலும் தவிர உடல் முழுவதும் கறுத்துக் காணப்படுகின்றன. அதே சிற்றினத்தின் பிற மீன்கள் வேறு சாமந்திகளில் ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறத்தோடு வாழ்கின்றன. இந்நிற வேறுபாடு சிற்றின வேறுபாட்டைக் குறிக்கவில்லை. மீன் வாழும் இடத்தைக் குறிக்கிறது. வாழிடத்தைப் பதிவு செய்யாமல் நிறத்தை மட்டும் எழுதிய குறிப்பு, விளைவை எழுதிக் காரணத்தை விட்டுவிட்ட குறிப்பாகும்.

இரண்டாவது, வயதும் பாலும். சில கடற்பகுதிகளில் கிளார்க் கோமாளி மீனின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வால் நிறம் வேறுபடுகிறது. ஒரே சாமந்தியில் வெண்வால் மீனும் மஞ்சள்வால் மீனும் இணைந்து காணப்பட்டால், அவை இரு சிற்றினங்கள் என்று உடனே முடிவு செய்தல் கூடாது. ஓர் இணையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, இறந்தபின் நிகழும் மாற்றம். பதப்படுத்தும் திரவத்தில் வைக்கப்பட்ட மீனில் மஞ்சளும் ஆரஞ்சும் மங்கி மறைகின்றன. பட்டைகளின் வடிவம் எஞ்சுகிறது. அருங்காட்சியக மாதிரியோடு உயிருள்ள மீனின் படத்தை ஒப்பிடுபவர் வடிவத்தையே நம்ப வேண்டும். மீன் பிடிக்கப்பட்ட உடனே வண்ணப்படம் எடுத்தல் இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

ஓம்புயிரியை இனங்காணல்

டாப்னி ஃபாட்டின், ஜெரால்டு ஆலன் ஆகிய இருவரும் கோமாளி மீன்களையும் அவற்றின் ஓம்புயிரிகளையும் ஒருங்கே விளக்கும் களக் கையேட்டை 1992இல் வெளியிட்டனர். ஒருவர் கடற்சாமந்தி அறிஞர். மற்றவர் மீனியல் அறிஞர். இரு துறைகளும் இணைந்ததால் மீனையும் சாமந்தியையும் தனித்தனியே இனங்கண்டு, எது எதனோடு வாழ்கிறது என்று பட்டியலிட முடிந்தது. அப்பட்டியலில் ஓம்புயிரிகளாக 10 கடற்சாமந்திச் சிற்றினங்கள் இடம்பெறுகின்றன. கிளார்க் கோமாளி மீன் அப்பத்திலும் வாழ்கிறது. செபே கோமாளி மீனுக்கோ ஸ்டைகோடாக்டைலா ஹாடோனி என்னும் ஒரே சாமந்தி மட்டும் குறிக்கப்பட்டுள்ளது.

இவ்வேறுபாடு இனங்காணலுக்கு வலுவான துணைச்சான்று. ஒரு மீன் நீண்ட உணர்நீட்சிகளை உடைய சாமந்தியில் வாழக் கண்டால், அதனைச் செபே எனப் பெயரிடுமுன் நடுப்பட்டையையும் வாலடியையும் மீண்டும் நோக்க வேண்டும். இதன் மறுதலை உண்மையன்று என்பதும் நினைவில் இருத்தல் வேண்டும். ஹாடோனி சாமந்தியில் கிளார்க் மீனும் வாழக்கூடும். ஆதலால் அச்சாமந்தியில் காணப்படும் மீன் எல்லாம் செபே ஆகிவிடாது. ஓம்புயிரி சில வாய்ப்புகளை விலக்கப் பயன்படுமேயன்றித் தனித்து நின்று சிற்றினத்தை நிறுவாது.

சாமந்தியையும் முறையாக இனங்காண வேண்டும். ஹாடோனி சாமந்தியின் வாய்த்தட்டு கம்பளம் போல் விரிந்து, ஆழ்ந்த மடிப்புகளுடன் காணப்படும். உணர்நீட்சிகள் குட்டையானவை, மிகுந்த ஒட்டுந்தன்மை உடையவை. இடையூறு நேர்ந்தால் அது மணலுக்குள் முழுவதும் உள்வாங்கிக்கொள்ளும். இதற்கு மாறாக ஹெட்டராக்டிஸ் கிரிஸ்பா சாமந்தியின் உணர்நீட்சிகள் நீண்டு மெலிந்து நுனியில் கூராகின்றன; உடல் தோல் போன்று தடித்திருக்கும். அண்மைக்கால வகைப்பாட்டில் இச்சாமந்தி ராடியாந்தஸ் பேரினத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளது.

அலங்கார மீன் வணிகத்தில் இக்கிரிஸ்பா சாமந்தியே ‘செபே சாமந்தி’ என விற்கப்படுகிறது. மேற்கண்ட பட்டியலின்படி செபே மீனுக்கு உரிய சாமந்தி அதுவன்று. கிளார்க் மீன்களும் அவ்வணிகத்தில் பலமுறை ‘செபே’ என்னும் பெயரிலேயே விற்கப்படுகின்றன. வணிகப்பெயரைச் சான்றாகக் கொள்ளும் கட்டுரையில் மீனும் தவறாகிறது. அதன் ஓம்புயிரியும் தவறாகிறது. இரு பிழைகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதுபோல் தோன்றுவதால், படிப்பவர் அவற்றை எளிதில் ஐயுறுவதில்லை.

பவளப்பாறையும் அதன் மணற்பரப்பும்

செபே மீனைப் ‘பவளப்பாறை மீன்’ என்று பொதுவாகக் கூறுகிறோம். அதன் ஓம்புயிரியாகிய ஹாடோனி சாமந்தி வாழ்வதோ, பெரும்பாலும் பவளப்பாறையின் மேலன்று. பாறைகளுக்கு அருகிலும் இடையிலும் உள்ள மணற்பரப்பில் வாழ்கிறது. எனவே இம்மீனின் வாழிடம் பாறைத்தொகுதியைச் சார்ந்த ஆழம் குறைந்த மணற்பகுதி என்று கூறுவதே துல்லியமானது. கிளார்க் மீனுக்கு இத்தகைய வரையறை இல்லை. அது காயல்களிலும் பாறைச் சரிவுகளிலும் ஏறத்தாழ 60 மீட்டர் ஆழம் வரையிலும் வாழ்கிறது.

கணக்கெடுப்பு முறையில் இதன் விளைவைக் காணலாம். பவளப்பாறை ஆய்வுகளில் பாறையின் மேல் அளவுநாடாவை விரித்து, அதன் இருமருங்கிலும் காணப்படும் மீன்களை எண்ணுவது வழக்கம். நாடா உயிருள்ள பவளத்தின் மேலேயே விரிக்கப்படுமாயின், மணலில் வாழும் செபே மீன் கணக்கில் குறைவாக வரும் அல்லது வராமலே போகும். அக்குறைவை எண்ணிக்கை வீழ்ச்சி என்றோ, அரிதான மீன் என்றோ விளக்குதல் பொருந்தாது. எங்கே தேடப்பட்டது என்பதை எழுதாத எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை.

மன்னார் வளைகுடாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளை உள்ளடக்கி, 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் உருவாக்கப்பட்டது. இத்தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும் மணற்பரப்புகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. செபே கோமாளி மீன் இக்கடற்பகுதியில் வாழ்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் இம்மீனின் செயற்கை இனப்பெருக்க ஆய்வுகளும் நடைபெற்றுள்ளன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கு ஏற்பட்ட பவள வெளிறலுக்குப் பின் பாறைகளின் நிலை குறித்த அக்கறை பெருகியுள்ளது. கடற்சாமந்திகளும் தம் திசுக்களில் வாழும் பாசிகளை இழந்து வெளிறக்கூடியவை. பவளத்தை மட்டும் அளக்கும் கண்காணிப்பு, மணற்பரப்பில் நிகழும் இவ்விழப்பைக் காட்டாது.

வாழ்க்கை முறையும் பெயர்ப்பிழையின் விளைவும்

கோமாளி மீன்கள் முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர்ப் பெண்ணாக மாறுபவை. ஒரு சாமந்தியில் வாழும் குழுவில் உருவில் பெரியது பெண். அதற்கு அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆண். எஞ்சியவை முதிராத சிறு மீன்கள். பெண் இறந்தாலோ பிடிக்கப்பட்டாலோ அந்த ஆண் பெண்ணாக மாறும்; சிறியவற்றுள் பெரியது ஆணின் இடத்தைப் பெறும். 1977இல் ஃபிரிக்கே இணையர் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது. பெரிய மீனையே தேர்ந்து பிடிப்பது, ஒவ்வொரு குழுவிலும் முட்டையிடும் பெண்ணை நீக்குவதாகும். மாற்றம் நிறைவேறும் வரை அச்சாமந்தியில் முட்டையிடல் தடைப்படுகிறது.

முட்டைகள் சாமந்தியின் அருகில் உள்ள கடினமான பரப்பில் இடப்படுகின்றன. ஆண் அவற்றைக் காக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் பொரிந்து வெளிவரும் இளவுயிரிகள், 8 முதல் 12 நாள்கள் வரை நீரோட்டத்தில் மிதந்தபின் சாமந்தியைத் தேடி அடைகின்றன. இவை நெடுந்தொலைவு சென்றுவிடும் எனக் கருதப்பட்டு வந்தது. பப்புவா நியூகினியின் கிம்பே விரிகுடாவில் பாலிம்னஸ் மீனைக் கொண்டு நிகழ்த்தி 2005இல் வெளியான ஆய்வு, குடியேறிய இளமீன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாம் பிறந்த கூட்டத்துக்கே திரும்பியதைக் காட்டியது. பாலிம்னஸ் மீனும் ஹாடோனி சாமந்தியில் வாழ்வது. செபேக்கு நெருங்கிய ஒப்புமை உடையது. ஓரிடத்தில் மீன்கள் பெருமளவில் அகற்றப்பட்டால், பிற இடங்களிலிருந்து வருபவை அவ்விழப்பை முழுமையாக ஈடுசெய்யும் என்று கொள்வதற்கில்லை என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

இப்பின்னணியில் பெயர்ப்பிழையின் கேடு தெளிவாகும். செபே மீனைக் கிளார்க் எனப் பதிவு செய்தால், அது பத்து வகைச் சாமந்திகளில் வாழும், பரந்த பரவலுடைய மீனாகக் கருதப்படும். ஒரு சாமந்தி அழிந்தாலும் மற்றொன்றில் வாழும் என்னும் முடிவு தோன்றும். உண்மையில் அம்மீனுக்கு அத்தகைய மாற்று இல்லை. ஹாடோனி சாமந்தியைச் சேகரித்தலும் அது வாழும் மணற்பரப்பைக் குலைத்தலும் அம்மீனை நேரடியாகப் பாதிக்கும்.

மரபணுச் சான்றின் எல்லை

உருவ அடையாளங்களால் முடிவு காண இயலாதபோது மரபணு வரிசையை நாடலாம். மைட்டோகாண்டிரியாவின் ஒரு மரபணுப் பகுதியைக் கொண்டு இனங்காணும் முறை இன்று பரவலாக உள்ளது. எனினும் மைட்டோகாண்டிரியா தாயிடமிருந்து மட்டுமே வருவது. ஆம்பிபிரியான் பேரினத்தில் இயற்கையான கலப்பினங்கள் உண்டு. பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் பகுதியில் சிற்றினமாகப் பெயரிடப்பட்ட ஆம்பிபிரியான் லூக்கோகிரானோஸ், ஆம்பிபிரியான் கிரைசாப்டிரஸ், ஆம்பிபிரியான் சாண்டராசினோஸ் ஆகிய இரண்டின் கலப்பு எனப் பின்னர் அறியப்பட்டது. கலப்பு மீனின் மைட்டோகாண்டிரியா தாயின் சிற்றினத்தை மட்டுமே சுட்டும். மேலும், ஒப்பிடுவதற்குத் தரவுத்தளத்தில் உள்ள வரிசை தவறான பெயரில் சேர்க்கப்பட்டிருந்தால், ஆய்வகம் அப்பிழையையே மீட்டுரைக்கும். ஆகவே வரிசையோடு மாதிரி மீனும் படமும் வாழிடக் குறிப்பும் இணைந்திருத்தல் இன்றியமையாதது.

தமிழில் பதிவு செய்தல்

கடலுயிர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர்க்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. வணிகப்பெயரை அப்படியே மொழிபெயர்த்தால் பிழையும் மொழிபெயர்க்கப்படும். ‘செபே சாமந்தி’ என்பது தமிழில் நிலைபெறுமாயின், அதனைப் பின்னர் நீக்குதல் கடினம். அறிவியற்பெயரைத் தமிழ் எழுத்தில் ஒருமுறையேனும் முழுமையாகத் தருவதும், ஓம்புயிரிக்குத் தனிப்பெயர் வழங்குவதும் இதனைத் தவிர்க்க உதவும்.

வாழிடத்தைக் குறிக்கத் தமிழில் சொல் வளம் உள்ளது. முத்துச்சிப்பி விளையும் கடலடித் தளங்களைப் ‘பார்’ என வழங்குவது மன்னார் வளைகுடாவின் பழைய வழக்கு. பார், மணல், சேறு என்று தரையைப் பகுத்துக் கூறும் கடற்கரை வழக்கைக் களக்குறிப்பில் பயன்படுத்தினால், ‘பவளப்பாறைப் பகுதி’ என்னும் ஒற்றைத் தொடரை விடத் துல்லியம் மிகும். உயிரினத்தை நிலத்தோடு இணைத்துக் காணும் திணைக் கோட்பாட்டில் பயின்றவர்க்கு இவ்வணுகுமுறை அயலானதன்று. இலக்கியக் கோட்பாட்டையும் உயிரியல் முறையையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாதெனினும், இடத்தைப் பிரித்து உயிரை விளக்கக்கூடாது என்னும் கவனம் இரண்டுக்கும் பொது.

ஒரு கோமாளி மீனைப் பதிவு செய்யும்போது குறைந்த அளவில் பின்வரும் ஐந்தும் இடம்பெறுதல் நன்று: பட்டைகளின் எண்ணிக்கையும் நடுப்பட்டையின் சாய்வும், வாலடியின் அமைப்பும் வால் நிறமும், ஓம்புயிரியின் படமும் அதன் உணர்நீட்சிகளின் தன்மையும், தரையின் இயல்பும் ஆழமும், குழுவில் உள்ள மீன்களின் எண்ணிக்கையும் அவற்றின் ஒப்பீட்டு உருவளவும். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இவை இருப்பின், பெயர் தவறாக இருந்தாலும் பின்வரும் ஆய்வாளர் அதனைத் திருத்த முடியும்.

முடிவுரை

செபே, கிளார்க் கோமாளி மீன்களைப் பிரித்தறிய நடுப்பட்டையின் சாய்வும் வாலடிப் பட்டையும் முதன்மை அடையாளங்கள். உடல் நிறம் ஓம்புயிரி, பால், வயது ஆகியவற்றால் மாறுவதாதலின் தனிச்சான்றாகாது. ஓம்புயிரியும் தரையின் இயல்பும் உருவ அடையாளத்தைச் சரிபார்க்கும் துணைச்சான்றுகள். செபே மீன் பவளப்பாறையை அடுத்த மணற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சாமந்தியைச் சார்ந்து வாழ்வது. அம்மணற்பரப்பைக் கணக்கெடுப்பிலும் பாதுகாப்புத் திட்டத்திலும் சேர்த்துக்கொள்வதற்கு, அம்மீனைச் சரியான பெயரால் அறிதலே முதற்படியாகும்.